இந்த இடத்தைக் கேளுல

ஒரு அறுபது நிமிடக் கேசட்டில் பன்னிரண்டு பாட்டுத்தான் பிடிக்கும். பக்கத்துக்கு முப்பது நிமிடம். பாட்டு ஒவ்வொன்றும் நாலரை, ஐந்து நிமிடம். ஆக ஒரு பக்கத்துக்கு ஆறு. இந்தக் கணக்கை எந்த வாத்தியாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. 1990 கோடை லீவில், கோவில்பட்டியில் ஒரு ரெக்கார்டிங் சென்டர் வாசலில் நின்று ஒல்லியோடு சண்டை போட்டுக் கற்றுக்கொண்டது. காசு ரெண்டு பேருடையது, கேசட் ஒன்று. ஆளுக்கு ஆறு பாட்டு என்று ஒப்பந்தம். ஒல்லி ஏழாவதாக ஒன்றை எழுதிவிட்டு, "இது சின்னப் பாட்டுல, உள்ள போயிரும்" என்பான்.

ஒல்லியின் நிஜப் பெயரை எழுதினால் அவனுக்கே அது யாரென்று சட்டெனத் தெரியாது. இப்போது தொந்தி போட்டு சட்டைப் பட்டன் தெறிக்க நிற்கிறான். ஊருக்கு அவன் இன்னும் ஒல்லிதான்.

முப்பது வயதுக்குள் இருப்பவர்களுக்கு ரெக்கார்டிங் சென்டர் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியிருக்கும். கம்பெனிக் கேசட்டில் ஒரு படத்துப் பாட்டு, மிஞ்சினால் ரெண்டு படத்துப் பாட்டு இருக்கும். அதில் நமக்குப் பிடித்தது ஒன்றோ ரெண்டோ. பிடித்ததை மட்டும் பொறுக்கி ஒரே கேசட்டில் வேண்டுமென்றால், காலிக் கேசட் வாங்கி, ஒரு தாளில் பாட்டு வரிசை எழுதி அங்கே கொடுக்க வேண்டும். சுவர் முழுக்க எல்.பி. ரெக்கார்டுகள். மேசையில் டபுள் டெக், பக்கத்தில் பச்சையும் சிவப்புமாக விளக்கு ஏறி இறங்கும் ஈக்வலைசர். ஒரு வாரம் கழித்துப் போனால் கேசட் தயாராக இருக்கும், உள்ளே அட்டையில் முத்து முத்தான கையெழுத்தில் பாட்டு வரிசையோடு. இது சட்டப்படி சரியா என்று அந்தக் காலத்தில் கோவில்பட்டியில் யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

கடைக்காரரை எல்லோரும் அண்ணாச்சி என்போம். அவர் நம் தாளை வாங்கியதும் முதலில் படிப்பார், பரீட்சைப் பேப்பர் திருத்துகிற மாதிரி. சில பாட்டுக்கு நேரே பேனாவை வைத்துக்கொண்டு நம்மைப் பார்ப்பார். "இது வேண்டாம் தம்பி. வேற எழுதுங்க." ஏன் என்று சொல்ல மாட்டார். நாங்கள் அடம்பிடித்தால் போட்டுக் கொடுத்துவிடுவார், ஆனால் பி சைடில் கடைசியாக.

அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. டேப்பில் வெற்றிடம் கூடாது. ஆறு பாட்டு முடிந்து ரெண்டு நிமிடமோ மூன்று நிமிடமோ மிஞ்சினால் அதைச் சும்மா விட மாட்டார். ஏதாவது ஒரு வாத்திய இசையை எடுத்து ஓட்டிவிடுவார். டேப் தீர்கிற இடத்தில் அது நடுவில் டக்கென்று அறுந்துவிடும். எங்களுடைய முதல் கேசட்டில் ஏ சைடு கடைசியில் அப்படி ஒரு வயலின் வந்தது. ஏதோ தவறிப் பதிவாகியிருக்கிறது என்றுதான் நினைத்தோம். நாலு நாள் கழித்துப் பார்த்தால், ஆறாவது பாட்டு எப்போது முடியும், அந்த வயலின் எப்போது வரும் என்று ரெண்டு பேரும் காத்திருக்கிறோம். ரெண்டே கால் நிமிடம். ஏதோ கர்நாடக சங்கீதம் மாதிரி இருக்கும், ஆனால் கச்சேரியில் கேட்கிற மாதிரி இருக்காது. ஒரு வயலின் ஒன்று சொல்ல, இன்னொரு கூட்டம் வயலின் குறுக்கே வேறொன்று சொல்லும். உச்சத்துக்குப் போகிற நேரத்தில் டக்.

கடையில் போய்க் கேட்டோம். அண்ணாச்சி சிரித்தார். "அது சினிமா இல்ல தம்பி. ராஜா தனியாப் போட்ட ரெக்கார்டு."

இளையராஜா 1986-ல் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்'. தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாக்குக்கும் காணிக்கையாக்கிய தொகுப்பு. அதில் தனி வயலின் வாசித்தவர் வி.எஸ். நரசிம்மன். இந்த விவரமெல்லாம் பின்னால் தெரிந்தது. அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், பாட்டுத் தாள் எழுதாமல் ஒரு காலிக் கேசட்டை நீட்டி "அது முழுக்க வேணும் அண்ணாச்சி" என்று சொன்னதுதான். அவர் காசு வாங்கிக்கொண்டாரா என்று யோசித்துப் பார்க்கிறேன். வாங்கியிருப்பார். அண்ணாச்சி ஆயிற்றே.

கேட்பது ஒல்லி வீட்டுத் திண்ணையில். ரேடியோவும் டேப்பும் சேர்ந்த, அவன் அப்பாவின் டூ-இன்-ஒன், ஒற்றை ஸ்பீக்கர். ஒல்லி தரையில் படுத்துக் காதை ஸ்பீக்கர் வலைமேல் ஒட்டிவைத்துக்கொள்வான். எனக்கு மிச்சச் சத்தம்தான். திடீரென்று கையை உயர்த்துவான். "இந்த இடத்தைக் கேளுல." நான் கேட்பதற்குள் அந்த இடம் போய்விடும். ரீவைண்ட் அமுக்குவான். கூடப் போய்விடும். மறுபடி முன்னால் ஓட்டுவான். ஒரு புல்லாங்குழல் துணுக்குக்காக இப்படி ஒரு மாலை முழுக்கப் போன நாள் உண்டு. அவன் அம்மா உள்ளேயிருந்து, "அந்தப் பாட்ட முழுசாத்தான் பாட விடுங்களேன்டா" என்று கத்துவாள்.

அதுவரை எனக்குப் பாட்டு என்றால் பாடுகிறவர் குரல், அப்புறம் படத்தில் அந்த நேரத்தில் என்ன நடந்தது என்பது. பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் வருவது ஹீரோயின் சேலை மாற்றிக்கொள்வதற்கான அவகாசம் என்றுதான் நினைத்திருந்தேன். உண்மையில் படத்திலும் அப்படித்தானே காட்டினார்கள். ஒல்லிதான் அந்த நடுவை எனக்குத் திறந்து காட்டினான். ரெண்டாவது இடையிசை பெரும்பாலும் முதலாவதை விட நன்றாக இருக்கும் என்பது அவன் கண்டுபிடிப்பு. முப்பது வருஷமாகப் பொருத்திப் பார்க்கிறேன், முக்கால்வாசி சரியாகத்தான் இருக்கிறது.

எங்கள் சித்தி தலைமுறை இலங்கை வானொலியில் வளர்ந்தது. எங்கள் பக்கம் அது உள்ளூர் ஸ்டேஷன் போலத் துல்லியமாக எடுக்கும். பி.எச். அப்துல் ஹமீதும் கே.எஸ். ராஜாவும் எங்கள் தெருக்காரர்கள் மாதிரி. பாட்டுக்கு முன்னால் படம், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று அழகாகச் சொல்வார்கள்; சித்தி அதைக் கேட்டு எழுதிவைத்த நோட்டு ரெண்டு எங்கள் வீட்டில் இருந்தது. எத்தனையோ பெயர்கள் அதில் உண்டு. புல்லாங்குழல் வாசித்தவர் பெயர் ஒன்றுகூடக் கிடையாது. வானொலிக்காரர்களைக் குறை சொல்லவில்லை. ரெக்கார்டு உறையிலேயே அந்தப் பெயர்கள் இல்லை. நானும் ஒல்லியும் முதன்முதலில் முகமாகப் பார்த்த வாத்தியக்காரர் டிரம்ஸ் புருஷோத்தமன். 1980-ல் வந்த 'நிழல்கள்' படத்தில் 'மடை திறந்து' பாட்டில் அவரே திரையில் வருவார். ராஜாவின் எத்தனையோ பாட்டுக்குப் பேஸ் கிடார் வாசித்தவர் சசிதரன் என்பதெல்லாம் இணையம் வந்த பிறகு, எங்களைப் போலப் பித்துப் பிடித்த யாரோ எழுதித் தெரிந்துகொண்டது. எங்கள் திண்ணையில் அவர்கள் 'புல்லாங்குழல்காரர்', 'அந்தக் கிடார் ஆளு'.

ஒல்லியின் இன்னொரு வேலை, வாரம் ஒருமுறை டேப் ரெக்கார்டரின் ஹெட்டைத் துடைப்பது. குச்சியில் பஞ்சு சுற்றி, ஸ்பிரிட்டில் தோய்த்து, கம்பவுண்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு செய்வான். டேப் ஓட ஓட அதிலுள்ள பழுப்புத் தூள் ஹெட்டில் படியும். அழுக்குச் சேர்ந்தால் பாட்டு நின்றுவிடாது. முதலில் மேல் சத்தங்கள் போகும். சலங்கை, ஜால்ரா, டிரம்ஸில் அந்தப் பித்தளைத் தட்டு. குரல் கம்பளிக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஆகும். நாள்பட நாள்பட என்பதால் நமக்குத் தெரியவே தெரியாது. துடைத்துவிட்டுப் போட்டால்தான் இத்தனை நாள் எதைக் கேட்கவில்லை என்று தெரியும். கேசட்டிலிருந்து கேசட்டுக்குப் பிரதி எடுத்தாலும் இதே கதை. ஒவ்வொரு பிரதிக்கும் கொஞ்சம் மேல் சத்தம் கழிந்து கொஞ்சம் உஸ்ஸ் கூடும். என்னுடையதிலிருந்து ஒல்லி எடுத்தது, அவனுடையதிலிருந்து அவன் மாமா பையன் எடுத்தது என்று போய், கடைசி ஆளிடம் மழையில் நனைந்த பாட்டுத்தான் இருக்கும்.

ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. கடலை மிட்டாய்க்கும் தீப்பெட்டிக்கும் பேர்போன ஊர் என்றுதான் கோவில்பட்டியைச் சொல்வார்கள். நாகஸ்வரத்தில் உலகத்தைக் கட்டிப்போட்ட காருகுறிச்சி அருணாசலம் வாழ்ந்த ஊர் அது. 1962-ல் 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு போட்டி போட்டு வருகிற அந்த நாகஸ்வரம் அவருடையதுதான். பக்கத்தில் எட்டயபுரம், முத்துசுவாமி தீட்சிதர் 1835-ல் கண்மூடிய மண். இன்னொரு பக்கம் இடைசெவல். கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் அந்தச் சின்னக் கிராமத்தில் ஒன்றாக வளர்ந்த நண்பர்கள், ரெண்டு பேருமே சங்கீதப் பித்தர்கள். ரெண்டு பேர் சேர்ந்து ஒரு பாட்டுக்குக் கிறங்குவது எங்கள் கரிசலில் புதுசு ஒன்றும் இல்லை. இதெல்லாம் அப்போது எனக்கும் ஒல்லிக்கும் தெரியாது. எட்டயபுரம் எங்களுக்கு, நல்ல ஸ்பீக்கர் வைத்த தனியார் பஸ் போகிற ஊர், அவ்வளவுதான்.

அந்த பஸ்ஸுக்குப் பின்னால் வருகிறேன். அதற்கு முன்னால் அண்ணாச்சியின் விடுகதை.

1991 இருக்கும். எங்கள் தாளில் இல்லாத ரெண்டு பாட்டை அடுத்தடுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். ஒன்று, பாலமுரளிகிருஷ்ணா பாடிய 'சின்னக் கண்ணன் அழைக்கிறான்', 1977. அடுத்து 'தலையைக் குனியும் தாமரையே', 1983. எங்கள் பாட்டு ரெண்டைக் காணோம் என்று சண்டைக்குப் போனோம். "ரெண்டுக்கும் என்ன உறவுன்னு சொல்லுங்க, அந்த ரெண்டையும் ஓசில போட்டுத் தாரேன்" என்றார். ரெண்டும் ராஜா என்றோம். அது ஊருக்கே தெரியும் என்றார். ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டோம். கடைசியில் ஒல்லிதான், ஒன்றின் பல்லவியை முனகிக்கொண்டே சைக்கிள் மிதித்தவன், தன்னை அறியாமல் மற்றதின் சரணத்துக்குள் போய்விட்டான். சைக்கிளை நிறுத்திவிட்டான். "எல, ரெண்டும் ஒரே தெருல. வீடுதான் வேற."

அண்ணாச்சியிடம் அதையே சொன்னோம். "தெருவுக்குப் பேரு ரீதிகௌளை" என்றார். எங்கள் ரெண்டு பேருக்கும் தெரிந்த முதல் ராகம் அதுதான். சரளி வரிசை தெரியாது, ஸ்வரம் தெரியாது, ஒரு தெரு தெரியும்.

இனி பஸ். 1992-ல் 'ரோஜா' வந்தது. எங்களுக்குள் முதல் விரிசல். ஒல்லி டீக்கடையில் கேட்டுவிட்டு ஓடிவந்தான். நான் காலேஜ் முதல் வருஷம், அபிப்பிராயங்கள் முளைத்த வயசு. "இதெல்லாம் கம்ப்யூட்டர்ல. ஆளே இல்ல உள்ள" என்றேன். பெரிய விமர்சகன் போல ஒரு வாரம் அதையே எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். ஒல்லி வாதாடவில்லை. எட்டயபுரம் பஸ்ஸில் என்னை ஏற்றி, கடைசி சீட்டில், ஸ்பீக்கருக்கு நேர் கீழே உட்காரவைத்தான். எங்களுக்கு எட்டயபுரத்தில் ஒரு வேலையும் இல்லை. போய் இறங்கி, ஆளுக்கொரு டீ குடித்துவிட்டு அதே பஸ்ஸில் திரும்பினோம். பேஸ் சத்தம் சீட்டுப் பலகை வழியாக முதுகுத்தண்டில் ஏறியது. எங்கள் ஒற்றை ஸ்பீக்கர் டப்பாவில் அது இருந்ததற்கான அடையாளமே இல்லை. நான் கேட்டது பாதிப் பாட்டு. பாதியைக் கேட்டுவிட்டுத்தான் முழுத் தீர்ப்பு எழுதியிருந்தேன். திரும்பி வரும்போது ஒல்லி, "ஆள் இருக்கா உள்ள?" என்று மட்டும் கேட்டான்.

அதற்கடுத்த வருஷம் அவன் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போய், பஞ்சாலையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். நான் படிப்பை முடித்து, 1997-ல் சென்னை வந்து திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் இரண்டு பேர் அறையில் விழுந்தேன். அறைத்தோழன் தூத்துக்குடிக்காரன், சர்ச் பாடகர் குழுவில் வளர்ந்தவன். நான் ராஜா கேசட்டைப் போட்டேன். எங்கள் பிரதியில் தலைப்பெல்லாம் கிடையாது; அட்டையில் அண்ணாச்சி எழுத்தில் 'இளையராஜா – இசை மட்டும்'. ஒரு பகுதி ஓடும்போது அவன் எழுந்து உட்கார்ந்தான்.

"இது பாக்."

"எந்தப் பாக்கு? கொட்டைப் பாக்கா, களிப் பாக்கா?"

அவன் சிரிக்கவில்லை. ராஜா போட்டதை எவனோ வெள்ளைக்காரன் போட்டது என்கிறானே என்று எனக்கு ரத்தம் கொதித்தது. ரெண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. மூன்றாவது வாரம் ஊருக்குப் போனவன் ஒரு கேசட்டோடு வந்தான். வேறு யாருமே இல்லாமல், ஒற்றை வயலின். பாக் 1720-ல் எழுதிய தனி வயலின் தொகுப்பில் மூன்றாவது பார்ட்டிடா என்ற நடன இசைத் தொடர், அதன் முதல் பகுதி. எனக்கு அத்தனையும் மனப்பாடம். ஏழு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேனே! பாக் எழுதிய வயலின் அப்படியே ஓட, அதன்மேல் ராஜா தன்னுடையதை எழுதியிருந்தார். அந்தப் பகுதிக்குத் தலைப்பே 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்'. ஒளிவுமறைவு எதுவும் இல்லை, எங்கள் கேசட்டில் தலைப்பு இல்லை, அவ்வளவுதான். அறைத்தோழன் ஒரு வார்த்தை "சொன்னேனா?" என்று கேட்டிருந்தால் எனக்குப் பாக் பிடித்திருக்காது என்று நினைக்கிறேன். அவன் டீ வாங்கப் போய்விட்டான்.

அன்றிரவே ஒல்லிக்கு நாலு பக்கம் கடிதம் எழுதினேன். அண்ணாச்சி ஓட்டையை அடைப்பதற்காக ஓட்டிவிட்ட ரெண்டே கால் நிமிடம் எங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது பார் என்று. ஒல்லி பதிலில், "கேசட்டைப் பிரதி எடுத்து அனுப்பு. டிடிகே-ல எடு. மலிவுக் கேசட்டுல எடுத்தேன்னா பாத்துக்கோ" என்று எழுதியிருந்தான்.

அதற்குப் பிறகான வருஷங்களைச் சீக்கிரம் கடந்துவிடலாம். எம்பி3 சிடி வந்தது. ஒரு தட்டில் நூற்றைம்பது பாட்டு. பன்னிரண்டுக்குச் சண்டை போட்டவர்கள் நூற்றைம்பதை ஒருமுறைகூட முழுதாகக் கேட்டதில்லை. பிறகு மெமரி கார்டு. செல்போன் கடைகளில் 'பாட்டு ஏற்றித் தரப்படும்' என்ற அட்டை. அண்ணாச்சி கடையை மூடிவிட்டு அதே இடத்தில் ஜெராக்ஸ் மிஷின் போட்டார். பிரதி எடுக்கிற தொழிலை அவர் விடவில்லை என்று ஒல்லி சொல்லிச் சிரித்தான்.

2008-ல் ஒருநாள் ராத்திரி மூன்று மணிக்கு ஒல்லியிடமிருந்து போன். ஆலையில் நைட் ஷிப்ட், டீ இடைவேளை. அந்த நேரத்தில் போன் வந்தால் என்ன நினைப்போம்? நெஞ்சு அடித்துக்கொண்டு எடுத்தேன். "மூணாவது வந்துருச்சுல" என்று கத்துகிறான். ஆலைக்காரர்கள் போனில் கத்தித்தான் பேசுவார்கள். "எது மூணாவது?" "தெருல. அந்தத் தெருவுல மூணாவது வீடு." ஜேம்ஸ் வசந்தன் இசையில் 'சுப்ரமணியபுரம்' வந்திருந்த சமயம். 'கண்கள் இரண்டால்'. நான் அந்தப் பாட்டை நூறு முறையாவது கேட்டிருப்பேன்; ரீதிகௌளை என்று உறைக்கவே இல்லை. காலையில் ஷிப்ட் முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேராக ஜெராக்ஸ் கடைக்குப் போய் அண்ணாச்சிக்குச் செல்போனில் போட்டுக் காட்டியிருக்கிறான். முழுதும் கேட்டுவிட்டு அவர், "இன்னும் மூணு கிடைச்சா ஒரு சைடு ரெடி பண்ணிரலாம் தம்பி" என்றாராம்.

என் பங்குக் குற்றம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒல்லியிடம் கற்றதை நான் எல்லோர்மேலும் பிரயோகித்தேன். கல்யாணமான புதிதில், பாட்டு ஓடும்போதெல்லாம் மனைவியிடம் "இந்த இடத்தைக் கேளேன்" என்று கையை உயர்த்துவேன். ஒரு வருஷம் பொறுத்தாள். பிறகு, "உங்களுக்கு இந்தப் பாட்டோட ரெண்டாவது சரணம் சொல்லத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியவில்லை. இன்னொரு பாட்டைக் கேட்டாள். அதுவும் தெரியவில்லை. அத்தனை வருஷமாக உயிரை விடுவதாகச் சொல்லிக்கொண்டிருந்த பாட்டுகளில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அவள் வரியைக் கேட்கிறவள். அவள் ஒரு வரியைச் சொல்லி, அதே வரி இன்னொரு பாட்டில் எப்படித் திரும்பி வந்திருக்கிறது என்று காட்டியபோது, எனக்கு ரீதிகௌளைத் தெருவில் சைக்கிள் நின்ற மாதிரி இருந்தது. இப்போது எங்கள் காரில் ஒரு விதி உண்டு: பாட்டு ஓடும்போது யாரும் எதையும் சுட்டக் கூடாது. நான்தான் அடிக்கடி மீறுகிறேன்.

செயலிகள் பாட்டுப் பரிந்துரைப்பதை மட்டமாகப் பேசுவது என் வயசுக்காரர்களிடம் ஒரு மோஸ்தர். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மாலி நாட்டு அலி ஃபர்கா தூரேயை எனக்குக் கொடுத்தது யூடியூப்தான். தானாக அடுத்ததுக்குத் தாவி, ராத்திரி பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கும்போது அந்தக் கிடார் வந்தது. கையில் சோப்போடு நின்றுவிட்டேன். எங்கேயோ சஹாரா ஓரத்து மனிதர். கரிசல் காட்டுப் பாட்டுக்குத் தூரத்துச் சொந்தம் போலக் கேட்டது. எந்த நண்பனும் எனக்கு அவரைக் கொடுத்திருக்க முடியாது. ஆனால் கேட்டு முடித்ததும் முதல் வேலையாக என்ன செய்தேன் தெரியுமா? ஈரக் கையோடு போனை எடுத்து ஒல்லிக்கு அனுப்பினேன். 'ஒரு நிமிடம் நாற்பது நொடி. இந்த இடத்தைக் கேளுல.'

வழக்கமாகப் பத்து நிமிடத்தில் பதில் வரும். மூன்று நாள் வரவில்லை. அப்புறம் ஒரு கட்டைவிரல் மட்டும் வந்தது. ஒல்லி கட்டைவிரல் அனுப்புகிற ஆள் இல்லை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அதே திண்ணை, இப்போது டைல்ஸ். நல்ல ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்கிவைத்திருந்தான். எண்பதுகளின் ராஜா பாட்டு ஒன்றைப் போட்டேன். எது என்று சொல்ல மாட்டேன், அந்தப் பாட்டு விஷயத்தில் எங்களுக்குள் தகராறு இன்னும் தீரவில்லை. ரெண்டாவது இடையிசையில் ஒரு சலங்கை வரும், நாலே நாலு தடவை, தூரத்தில் யாரோ படி இறங்குகிற மாதிரி. 1990-ல் ஒல்லி எனக்குக் காட்டிய இடம் அது. "இந்தச் சலங்கை இன்னமும் எப்படிக் கேக்குது பாரு" என்றேன்.

"எங்க?"

திரும்ப ஓட்டினேன். "எங்கல?" மூன்றாவது முறையும் ஓட்டினேன். அவன் காதை ஸ்பீக்கரில் வைத்தான், பழைய மாதிரியே. எடுத்துவிட்டு, "நீயே கேட்டுக்க" என்றான்.

பிறகுதான் சொன்னான். இருபத்தாறு வருஷம் ரிங் ஃப்ரேம் என்கிற நூல் நூற்கும் மிஷின்களுக்கு நடுவில். பக்கத்தில் நிற்பவனிடம் பேச வேண்டுமென்றால் காதில் வாய் வைத்துக் கத்த வேண்டும். ஆரம்பத்தில் பஞ்சை உருட்டிக் காதில் வைத்துக்கொண்டதோடு சரி. ஆஸ்பத்திரியில் காது சோதித்து ஒரு படம் கொடுத்தார்களாம். அதை எடுத்துவந்து காட்டினான். இடப்பக்கம் கீழ் ஸ்தாயி, வலப்பக்கம் மேல் ஸ்தாயி. கோடு பாதிவரை சமதரையாக வந்து, 4000 ஹெர்ட்ஸ் பக்கம் கிணற்றில் விழுந்த மாதிரி இறங்கியிருந்தது. இரைச்சலில் வேலை பார்க்கிறவர்களுக்கு முதலில் பறிபோவது அந்த இடம்தான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பேத்தி பேசுவது பாதி புரிவதில்லை என்றான். மாலிக்காரர் கிடாரும் அவனுக்குக் கம்பளிக்குள்ளிருந்துதான் கேட்டிருக்கிறது. "ஹெட்டு அழுக்காயிருச்சுல" என்றான். "இத ஸ்பிரிட்டு போட்டுத் தொடைக்க முடியாதாம். கேட்டுட்டேன்."

என்ன சொல்வதென்று தெரியாமல் பாட்டை நிறுத்தப் போனேன். கையைத் தட்டிவிட்டான். பாட்டை முதலிலிருந்து போடச் சொன்னான்.

பல்லவி ஓடியது. அவன் கண்ணை மூடிக்கொண்டு என் தொடையில் விரலால் தட்ட ஆரம்பித்தான். தாளம் இல்லை. தாளத்தோடு சேர்ந்து போய், கொஞ்சம் பிந்தி, திடீரென்று ரெண்டு படி ஏறி, குரல் நிற்கிற இடத்தில் தான் மட்டும் நடந்து போகிற ஒன்று. என்னவென்று எனக்குப் பிடிபட அரை சரணம் ஆயிற்று. பேஸ் கிடார். மேலே இருக்கிறதெல்லாம் மங்கிப்போன பிறகு, ரெண்டு வருஷமாக அவன் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். பாட்டு பாட்டாக, ராத்திரி ராத்திரியாக. குரலுக்கு அடியில் இன்னொரு பாட்டு, முழுசாக, ஆரம்பத்திலிருந்து முடிவு வரை. அந்தப் பாட்டை எத்தனை நூறு முறை கேட்டிருப்பேன்.

ரெண்டாவது இடையிசை வந்தது. எனக்குச் சலங்கை கேட்டது, நாலு தடவை. அதே நேரத்தில் ஒல்லியின் விரல் என் தொடையில் எங்கோ கீழே இறங்கிப் போய் நின்றது, சலங்கை ஒவ்வொன்றும் அதன்மேல் கால் வைக்கிற மாதிரி. எனக்கு வாய் திறந்துவிட்டது. "எல ஒல்லி, இது ரெண்டும்…" என்று ஆரம்பித்தேன்.

"பாட்டு முடியட்டும்" என்றான் கண்ணைத் திறக்காமல். முடிந்தது. "திரும்பப் போடு. இந்தத் தடவ நீ பேசாம இரு."